சேலை விற்கிறவன் கால்: வெரிகோஸ் லேசர் சிகிச்சையும் ஒரு ஜோடி காலுறையும்

எனக்கு முப்பத்தொரு வயது. பதினோரு வருடமாக மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் நிற்கிறேன். 'வேலை பார்க்கிறேன்' என்றுதான் எழுத வந்தேன். ஆனால் நான் செய்வதில் முக்கால் பங்கு நிற்பதுதான். காலை ஒன்பதரைக்குக் கவுன்டருக்குப் பின்னால் போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே வருவேன். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். முகூர்த்த மாதங்களில் அதுவும் கால் மணியாகிவிடும்.

என் அப்பாவும் சேலை விற்றவர்தான். அவர் காலத்துக் கடையில் கவுன்டர் கிடையாது. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் அவரும் வாங்க வந்தவர்களும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நடுவில் சேலையைப் பிரித்துப் போட்டுப் பேசுவார்கள். பிறகு கண்ணாடி கவுன்டர் வந்தது, மெத்தை போயிற்று. அப்பாவுக்கு மூட்டு வலி உண்டே தவிர, கால் இன்றும் வழவழவென்று இருக்கிறது. என் வலது காலில் இருபத்தாறு வயதிலேயே முழங்காலுக்கு உள்பக்கம் ஒரு நீலக்கோடு தெரிய ஆரம்பித்தது. இருபத்தொன்பதில் அது சுண்டுவிரல் தடிமனுக்குப் புடைத்து, முறுக்கிப் போட்ட நூல்கண்டு மாதிரி கெண்டைக்காலில் இறங்கியிருந்தது. வெரிகோஸ் என்று சொல்வது இதைத்தான். இரவில் சதை பிடித்து இழுக்கும். மாலையில் கணுக்கால் வீங்கும். பிறகு கணுக்காலுக்கு மேலே அரிப்பு வந்தது, தோல் காப்பிக்கொட்டை நிறத்துக்குக் கருக்க ஆரம்பித்தது.

அம்மா விளக்கெண்ணெய் தடவச் சொன்னார். தடவினேன். தலையணை உறையெல்லாம் எண்ணெய்க் கறை ஆனதுதான் மிச்சம். காலுக்குத் தலையணை வைத்துத் தூங்கச் சொன்னதும் அவர்தான். அது மட்டும் உண்மையிலேயே இதமாக இருந்தது. எங்கள் கடை வாசலில் நிற்கும் காவல்காரப் பெரியவருக்குக் கணுக்காலில் ஆறாத புண். வருடக்கணக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார். ஒருநாள் கட்டு அவிழ்ந்தபோது பார்த்துவிட்டேன். புண்ணைச் சுற்றி இருந்த தோல் நிறமும் என் கணுக்கால் நிறமும் ஒன்றாக இருந்தன. அன்றைக்குத்தான் மருத்துவம் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் போனது விளம்பரம் பார்த்து. 'கத்தியில்லை, தழும்பில்லை, அரை மணி நேரம்' என்று பேனர் வைத்திருந்த ஒரு லேசர் மையம். பெயர் வேண்டாம். குளிர்சாதன வரவேற்பறை, கண்ணாடிக் குவளையில் எலுமிச்சை நீர். என்னைப் படுக்கவைத்து, ஸ்கேன் கருவியைக் காலில் மேலும் கீழும் இரண்டு நிமிடம் ஓட்டினார்கள். மருத்துவரை அதன் பிறகு ஐந்து நிமிடம் பார்த்தேன். இரண்டு கால்களிலும் செய்ய வேண்டும் என்றார். இடது காலில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே என்றேன். "இப்போது இல்லை, வரும்" என்றார். அடுத்து ஆலோசகர் என்ற பெயரில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். இரண்டு கால்களுக்கும் 1,35,000 ரூபாய், இன்றைக்கே முன்பணம் கட்டினால் 15 சதவீதம் தள்ளுபடி.

நான் பதினோரு ஆடி மாதம் பார்த்தவன். 'இன்று ஒருநாள் மட்டும்' என்று சொல்லி எத்தனை பேருக்குச் சேலை கட்டிவிட்டிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. இரண்டாவது சேலையை எப்போது எடுத்துப் போட வேண்டும், எந்த நேரத்தில் தள்ளுபடியைச் சொல்ல வேண்டும், வாங்குகிறவர் கை பையை நோக்கிப் போகும்போது நாம் ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் எங்கள் பாடம். அந்தப் பெண் அதை என்னைவிட நன்றாகச் செய்தார். தொழில்காரன் என்ற முறையில் மனதுக்குள் பாராட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவதாகப் போன இடத்தைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. நடுத்தர அளவுள்ள தனியார் மருத்துவமனை. குறை சொல்லவும் சில இருப்பதால் அதன் பெயரையும் எழுதவில்லை. ரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சைக்கென்றே படித்த ஒரு பெண் மருத்துவர் அங்கே வாரத்தில் மூன்று நாள் வருகிறார். எலுமிச்சை நீர் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

அவர் என்னைப் படுக்கவிடவே இல்லை. ஒரு மரப்படியில் ஏறி நிற்கச் சொன்னார். எடையை இடது காலில் போட்டு, வலது காலைத் தளர்த்தி, லேசாக வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். அவரே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தொடை இடுக்கிலிருந்து கணுக்கால் வரை அங்குலம் அங்குலமாக டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன், பார்த்தார். கெண்டைச் சதையை ஒரு கையால் பிழிவார். திரையில் நீலம் மேலே ஓடும். கையை எடுப்பார், சிவப்பு கீழே கொட்டும். கருவியிலிருந்து காற்று இரைவது போல ஒரு சத்தம். "பிழிந்தால் மேலே போகிறது, விட்டால் கீழே வருகிறது, பார்க்கிறீர்களா? அரை விநாடிக்கு மேல் கீழே வந்தாலே கசிவு என்று எழுதுவோம். உங்களுக்கு மூன்று விநாடியைத் தாண்டுகிறது" என்றார். நிற்கவைத்துப் பார்த்தால்தான் இந்தக் கசிவு சரியாகத் தெரியும் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். படுத்தவன் காலில் ரத்தம் கீழே இறங்க என்ன அவசரம்?

எனக்கு விளங்கிய கணக்கு இது. காலில் இறங்கிய ரத்தத்தைக் கெண்டைச் சதைதான் நடக்கும்போது பிழிந்து மேலே தள்ளுகிறது. தள்ளியது திரும்பி வராமல் இருக்கக் குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு போய்விட்டால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடுமே, அதே கதைதான். மணிக்கணக்கில் அசையாமல் நிற்பவனுக்குப் பிழிகிற வேலையும் நடப்பதில்லை. மேலே ஒரு வால்வு விட்டுக்கொடுத்தால் அந்தப் பாரம் அடுத்ததன் மேல் விழுகிறது. பரம்பரையும் சேர்ந்துகொள்ளும். அம்மாவின் கால் எப்படி என்று மருத்துவர் கேட்டார். சேலைக்குள் மறைந்திருந்த கால். வீட்டுக்குப் போய்க் கேட்ட பிறகுதான் அம்மாவுக்கும் இரண்டாவது பிரசவத்திலிருந்து இருக்கிறது என்று தெரிந்தது. மகனுக்கு விளக்கெண்ணெய் சொன்னவர் தன் காலைப் பற்றி முப்பது வருடம் வாய் திறக்கவில்லை.

'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்று நான் சொன்னபோது மருத்துவர் திருத்தினார். இது நரம்பே இல்லை, ரத்தக் குழாய், தமிழில் சிரை. நரம்பு வேறு. நம் ஊரில் இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். இது என்னடா வீண் திருத்தம் என்று அப்போது நினைத்தேன்.

இடது காலைப் பற்றிக் கேட்டேன். ஸ்கேன் செய்துவிட்டு, நன்றாக இருக்கிறது, தொடவே கூடாது என்றார். பிற்காலத்தில் இதயத்தில் பைபாஸ் தேவைப்பட்டால் இந்தச் சிரையைத்தான் எடுத்துப் பொருத்துவார்களாம். வேலை செய்கிற குழாயை யாராவது எரிப்பார்களா என்று கேட்டார். எலுமிச்சை நீர் கொடுத்த இடத்தில் எரித்திருப்பார்கள். கூடவே 15 சதவீதம் தள்ளுபடியும் கிடைத்திருக்கும்.

வழிகளை வரிசையாகச் சொன்னார். தொடை இடுக்கில் வெட்டிக் கட்டிவிட்டு முழுக் குழாயையும் உருவி எடுப்பது பழைய முறை. என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் செய்தார்கள். லேசர், ரேடியோ அலைவரிசை இரண்டும் உள்ளிருந்து சூடுபடுத்தி மூடுவது. பசை வைத்து ஒட்டுவது இன்னொன்று, விலை அதிகம். நுரை மருந்து ஏற்றுவது சின்னக் கிளைகளுக்கு. எனக்கு லேசர், கூடவே புடைத்த கிளைகளைச் சிறு துளை வழியாக எடுப்பது. மூடிவிட்டால் ரத்தம் எந்த வழியாகப் போகும் என்று நானும் கேட்டேன். எல்லோரும் கேட்பதாகச் சொல்லிச் சிரித்தார். காலின் ரத்தத்தில் பெரும்பகுதியை உள்ளே ஆழத்தில் இருக்கும் சிரைகளே கொண்டுபோகின்றன. கெட்டுப்போன மேல்குழாய் உதவி செய்வதை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது.

மார்கழி பிறந்ததும் நாள் குறித்தேன். முகூர்த்தம் இல்லை, பொங்கல் கூட்டம் தொடங்க இரண்டு வாரம் இருந்தது. முதலாளி பத்து நாள் விடுப்புக் கொடுத்தார், சம்பளம் இல்லாமல். காப்பீட்டில் ஒரு விஷயம் கவனியுங்கள்: பெரும்பாலான பாலிசிகளில் வெரிகோஸுக்கு முதல் 24 மாதம் பணம் கிடைக்காது. என்னுடையது இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகியிருந்ததால் தப்பித்தேன்.

காலை பதினொரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அதற்கு முன் என்னை நிற்கவைத்து, புடைப்புகளின் மேல் பச்சைப் பேனாவால் கோடு போட்டார் மருத்துவர். தையல்காரர் துணியில் சாக்கால் கோடு போடுவது போல, கை நடுங்காமல், ஒரே இழுப்பில். படுத்த பிறகு இந்தப் புடைப்புகள் தணிந்து மறைந்துவிடுமாம்.

முழு மயக்கம் கிடையாது. முழங்காலுக்குக் கீழே ஒரு ஊசித்துளை. அதன் வழியே ஸ்கேன் பார்த்தபடி ஒரு கம்பி, அதன்மேல் ஒரு மெல்லிய குழாய், அதற்குள் லேசர் இழை. இதுவரை வலியே இல்லை. வலி அடுத்துத்தான். குழாயைச் சுற்றி மரப்பு மருந்து கலந்த குளிர்ந்த நீரைத் தொடை நெடுக ஏற்ற வேண்டும். பத்துப் பதினைந்து குத்துகள். முதல் ஐந்து குத்துக்கும் பல்லைக் கடித்தேன். அதற்குப் பிறகு மரத்துவிட்டது. இந்த நீர்தான் சூடு சுற்றியுள்ள சதைக்குப் போகாமல் காப்பாற்றுகிறதாம். 'அரை மணி நேரம், வலியில்லை' என்று பேனர் எழுதுகிறவர்களுக்கு அந்த ஐந்து குத்துகளை ஓசியில் போட்டுக்காட்டலாம்.

பிறகு எல்லோருக்கும் கண்ணாடி மாட்டினார்கள், எனக்கும். விளக்கைக் குறைத்தார்கள். தலையைத் தூக்கிப் பார்த்தேன். என் தொடைத் தோலுக்கு அடியில் ஒரு சிவப்புப் பொட்டு ஒளிர்ந்தது. அது மெதுவாக, மிக மெதுவாகத் தொடையிலிருந்து முழங்காலை நோக்கி நகர்ந்தது. உள்ளே ஒரு மின்மினி வழி தேடிப் போவது போல. வாயில் ஏதோ கருகிய சுவை. ஐந்தாறு நிமிடம் இருக்கும். முடிந்தது என்றார்கள்.

அடுத்து நடந்ததைத்தான் நான் மிகவும் ரசித்தேன். ரசிப்பதாவது என்பீர்கள். பச்சைக் கோடுகளின் மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குத் துளை போட்டு, ஒரு சின்னக் கொக்கியை உள்ளே விட்டு, புடைத்த கிளையை வெளியே இழுத்து, கிடுக்கியால் பிடித்துச் சுருட்டிச் சுருட்டி எடுக்கிறார். அந்தக் கொக்கியைப் பார்த்ததும் எனக்கு எங்கள் மாடியில் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறவர்கள் ஞாபகம்தான் வந்தது. அதே ஆரி ஊசி. சேலையில் இழை இழுத்துக்கொண்டால் நாங்கள் எப்படி நிதானமாக உருவுவோமோ, அதே நிதானம். ஒன்பது துளை. தையல் இல்லை, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஒட்டுப்பட்டை.

மாலை மூன்று மணிக்கு எழுப்பி நடக்கவைத்தார்கள். வராந்தாவில் எனக்கு முன்னால் இன்னொரு பையன் நடந்துகொண்டிருந்தான். சிவகங்கைப் பக்கம், இருபது வயது. ராணுவ ஆள்சேர்ப்பில் ஓட்டத்தில் தேறிவிட்டு, மருத்துவப் பரிசோதனையில் இதே வெரிகோஸைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "அண்ணே, தழும்பு தெரியுமா?" என்று மட்டும்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். அவனுக்கு வலியே இருந்ததில்லையாம்.

இனி, சிகிச்சைக்குப் பிறகு போட்டுக்கொள்ளச் சொல்லும் அழுத்தக் காலுறை. அறுவைச் சிகிச்சையைப் பற்றி ஆளாளுக்கு எழுதுகிறார்கள்; நாள் முழுவதும் காலில் கிடக்கிற இந்தப் பொருளை யாரும் ஒழுங்காக எடைபோடுவதில்லை. துணி என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எனக்கு எழுதிக் கொடுத்தது இரண்டாம் வகுப்பு அழுத்தம், 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரசம், தொடை வரை நீளம். நைலானும் எலாஸ்டேனும் கலந்த பின்னல். கணுக்காலில் இறுக்கம் அதிகம், மேலே போகப்போகக் குறைய வேண்டும்; அதுதான் இதன் உயிர். கடைத்தெருவில் 600 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒன்றை முன்பே வாங்கியிருந்தேன். இரண்டையும் விரலால் இழுத்துப் பார்த்தேன். மலிவானது கணுக்காலிலும் தொடையிலும் ஒரே மாதிரி இழுபட்டது. இரண்டு மாதத்தில் முழங்கால் பின்புறம் தொய்ந்து மடிப்பு விழுந்தது. நல்லதில் கணுக்கால் பக்கம் பின்னல் கண் நெருக்கமாக, மேலே கண் விட்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தாலே தெரியும். குதிகாலுக்குத் தனியாகப் பை போலப் பின்னியிருந்தார்கள்.

அளவைக் காலையில், எழுந்தவுடன், வீங்குவதற்கு முன் எடுக்க வேண்டும். கணுக்காலின் மிகக் குறுகிய இடம், கெண்டையின் தடித்த இடம், தொடை, கூடவே நீளம். மருத்துவமனை மருந்துக்கடையில் எனக்கு நடுத்தர அளவு என்று கண்ணால் பார்த்தே எடுத்துக் கொடுத்தார்கள். நான் டேப்பை எடுத்து அளந்து மாற்றிக்கொண்டேன். ரவிக்கைத் துணி கொடுப்பவன்கூட அளவு கேட்டுத்தான் கொடுப்பான்.

போடுவது ஒரு வித்தை. உள்ளே கைவிட்டுக் குதிகாலைப் பிடித்து, அதுவரை வெளிப்புறமாகத் திருப்பி, முதலில் பாதத்தை நுழைத்து, பிறகு மடிப்பு விழாமல் மேலே ஏற்ற வேண்டும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பாதி வேலை மிச்சம். முதல் நாள் இருபது நிமிடம் ஆயிற்று, மனைவியும் நானும் வியர்த்துப்போனோம். இப்போது மூன்று நிமிடம். வலது இடது வித்தியாசம் இல்லாத பின்னல் என்பதால், ஒரு காலுக்கு ஒரு ஜோடி வாங்கினால் ஒன்று துவைத்துக் காயும்போது மற்றது காலில் இருக்கும். முறுக்கிப் பிழியக் கூடாது, வெயிலில் போடக் கூடாது. பட்டுச்சேலைக்குச் சொல்லும் அதே பாடம். தொடையில் பிடித்துக்கொள்ளும் சிலிக்கான் பட்டைதான் இதன் குறை. மார்கழியில் தெரியவில்லை, சித்திரையில் அந்த வளையம் முழுக்க அரித்துச் சிவந்துவிட்டது. மருத்துவரிடம் கேட்டு முழங்கால் வரை உள்ளதற்கு மாறினேன்.

மருத்துவமனையின் மேல் என் குறைகள் இவை. வீட்டுக்குப் போகலாம் என்று காலை ஒன்பதுக்குச் சொன்னார்கள்; காப்பீட்டு ஒப்புதல் வந்து வெளியே வர மதியம் இரண்டேகால். மொத்தம் 68,000 ரூபாய், காப்பீடு கொடுத்தது 59,500, கையிலிருந்து 8,500. காலுறை இதில் சேராது. உள்ளே 4,200க்கு விற்ற அதே காலுறை, அதே பெட்டி, எதிர்ச்சாரியில் உள்ள கடையில் 3,350. ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலத்தில். 'இங்கே, இங்கே' என்று விரல் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதில் ஒரு வரியாக இருந்ததுதான் பிறகு நடந்தது. கெண்டைக்காலின் உள்பக்கம் உள்ளங்கை அளவுக்கு உணர்ச்சி மரத்துவிட்டது. சிரையை ஒட்டியே ஒரு நரம்பு ஓடுகிறதாம், சூட்டிலோ கொக்கியிலோ அது சீண்டப்படலாமாம். இந்த முறை நிஜமாகவே நரம்பு! அந்த வீண் திருத்தத்தின் பொருள் அப்போது விளங்கியது. பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் மருத்துவர். ஆறு மாதத்தில் முக்கால் பங்கு திரும்பிவிட்டது. முன்பே தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு வாரம் தூங்காமல் இருந்திருக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பயந்துவிடாதீர்கள். ஐந்தாம் நாளிலிருந்து தொடைக்குள் ஒரு கயிற்றைக் கட்டி இழுப்பது போல இருக்கும். மூடிய குழாய் இறுகுவது அது. பத்து நாளில் தணிந்தது. தொடையெல்லாம் கத்திரிப்பூ நிறம், பிறகு மஞ்சள், பிறகு ஒன்றுமில்லை. ஆனால் கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ நேரம் பார்க்காமல் வந்துவிடு என்று மருத்துவர் இரண்டு முறை சொன்னார். உள்ளே ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம், அது விளையாட்டில்லை. எனக்கு அப்படி வரவில்லை. ஒரு வாரத்தில் ஸ்கேன் செய்து குழாய் முழுக்க மூடியிருப்பதைக் காட்டினார். வேறு கிளைகளில் மறுபடி வரலாம் என்பதையும் மறைக்கவில்லை.

மருத்துவருக்கு ஐந்துக்கு ஐந்து. மருத்துவமனை அலுவலகத்துக்கு இரண்டு. நல்ல காலுறைக்கு நான்கு, சிலிக்கான் பட்டைக்காக ஒன்றைக் குறைத்துக்கொண்டேன்.

கடைக்கு மதிப்பெண் போட வேண்டுமென்றால் என்ன போடுவது? கேரளத்தில் 2018லேயே கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். தமிழ்நாட்டில் 2021ல், 1947ஆம் வருடத்துக் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். எங்கள் கடைக்கும் பிரிவுக்கு இரண்டு முக்காலி வந்தது. ஒன்றின் மேல் ஹேங்கர் குவிந்திருக்கிறது. மற்றொன்றில் வாடிக்கையாளரின் குழந்தை உட்காரும். விடுப்பு முடிந்து வந்த அன்று ஹேங்கர்களைக் கீழே இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். மேற்பார்வையாளர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பாட்டி வந்ததும் நானாகவே எழுந்துவிட்டேன். பழக்கம்.

போன வாரம் சுடிதார் பிரிவில் வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி, இருபத்துமூன்று வயது, கடையை மூடும் நேரத்தில் வந்து தயங்கி நின்றாள். முழங்காலுக்குப் பின்னால் நீலமாக இருக்கிறதாம். முதலில் அந்த மருத்துவரிடம் போய் நின்றுகொண்டு ஸ்கேன் எடு என்றேன். செவ்வாய்க்கிழமை போவதாகச் சொல்லிவிட்டு, அதற்குள் காலுறையின் விலையைக் கேட்டாள். கவுன்டரில் கிடந்த டேப்பை அவளே எடுத்துப்போய், உடை மாற்றும் அறையில் அளந்து வந்து, கணுக்கால் இருபத்தாறு சென்டிமீட்டர் என்றாள். மெலிந்த பெண். எனக்குப் பொருந்தவில்லை.

"எப்போது அளந்தாய்?"

"இப்போதுதான் அண்ணே. காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தேன்."

டேப்பை அவளிடமே கொடுத்து, நாளை காலை படுக்கையிலிருந்து எழுந்தவுடன் அளந்துகொண்டு வரச் சொன்னேன். இருபத்திரண்டரை என்று எழுதிக் கொண்டுவந்தாள்.